யார் பிள்ளை பட்டறைக்குப் போவது?

வெள்ளவத்தையிற் காலி வீதி வழியே நடந்து செல்பவரின் கண்ணுக்குக் கடலைவிட முதலிற் படுவன விளம்பரப் பலகைகளே. ரியூட்டரிகளின் பலகைகள், வெளிநாட்டுப் பரீட்சைகளின் பலகைகள், ஆங்கிலம் பேசக் கற்பிப்போரின் பலகைகள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அவை தொங்குகின்றன. அண்மைக்காலத்தில் இவற்றோடு வேறொரு வகையும் வந்து சேர்ந்துள்ளது. வீட்டிலிருந்தபடியே இணையவழியாகப் பாடநெறி பயிலலாம். பாடசாலையில் இருக்கும்போதே தொழில் அனுபவமும் பெறலாம். ஈற்றில் இரண்டுக்கும் சான்றிதழ் உண்டு. இவ்வாறு அவை மாணவரை அழைக்கின்றன.

இதே நகரத்தின் வட அந்தத்திலே, பத்துக் கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்திலே, கொட்டாஞ்சேனை இருக்கிறது. அங்கே குறுக்குத் தெருக்களில் மோட்டார் கராஜ்களிலும், வெல்டிங் பட்டறைகளிலும், சிறு அச்சகங்களிலும் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் எண்ணெய் படிந்த கைகளோடு நிற்பதைக் காணலாம். அவர்களும் தொழில் அனுபவந்தான் பெறுகிறார்கள். அதற்கு விளம்பரப் பலகை எதுவுமில்லை, பெரும்பாலும் சான்றிதழுமில்லை.

பாடசாலை மாணாக்கனைத் தொழிலிடத்துக்கு அனுப்பிப் பழக்குவது நல்லதா, கெட்டதா என்ற விவாதம் நமது நாட்டில் ஏறத்தாழ நூறு ஆண்டு வயதுடையது. அந்த விவாதத்தில் வெளிப்படையாகக் கேட்கப்படாத, ஆனால் பெற்றோர் ஒவ்வொருவரும் தமக்குள்ளே கேட்டுக்கொண்ட வினா ஒன்றுண்டு: யார் பிள்ளை பட்டறைக்குப் போவது? கல்வித் திட்டங்கள் பல தோன்றி மறைந்த வரலாற்றை இந்த வினாவைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால், இதுவரை புரியாத பல விடயங்கள் புரியத் தொடங்கும் என்பது எனது எண்ணம்.

காலனித்துவ ஆட்சியிலே கல்வி இரண்டு வாசல்களை உடையதாக இருந்தது. ஆங்கிலப் பாடசாலையின் வாசல் உத்தியோகத்துக்குத் திறந்தது. 1880ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சை இலங்கைக்கு வந்த நாளிலிருந்து, எங்கோ இங்கிலாந்திலே வகுக்கப்பட்ட வினாத்தாள் கொழும்பு மாணவனின் தலைவிதியை நிர்ணயித்தது. சுயமொழிப் பாடசாலையின் வாசலோ வயலுக்கும் கடலுக்கும் கூலிவேலைக்கும் திறந்தது. 1893இல் கொழும்பிலே அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலை தோன்றிப் பின்னர் மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியென வளர்ந்தது உண்மையே. ஆயினும் அதன் நோக்கம் புகையிரதம், தந்தி, பொதுவேலை முதலிய திணைக்களங்களுக்கு வேண்டிய நடுத்தர ஊழியரைத் தயாரிப்பது. அங்கே நுழைவதற்கும் ஆங்கிலம் வேண்டும்.

வெள்ளவத்தையின் இன்றைய விளம்பரப் பலகைகளுக்கு மூதாதையர் இக்காலத்தவரே. தபால்மூலக் கல்வி என்பது அன்றே நம்மவருக்கு அறிமுகமாயிற்று. ஐசக் பிற்மன் என்ற ஆங்கிலேயர் 1840இலே, பென்னித் தபால் முறை தொடங்கிய அதே ஆண்டிலே, தமது சுருக்கெழுத்தைத் தபால் அட்டைகளின் வழியே கற்பிக்கத் தொடங்கினார். மாணவன் பயிற்சியை எழுதி அனுப்புவான். அது திருத்தப்பட்டுத் திரும்பி வரும். இணையவழிக் கல்வியின் எலும்புக்கூடு முழுவதும் அதிலே இருக்கிறது. பின்னர் இங்கிலாந்துக் கம்பனிகள் பல இந்த முறையைப் பெருவணிகமாக்கிக் குடியேற்ற நாடுகளெங்கும் பாடங்களை விற்றன. அரசாங்க எழுதுவினைஞர் பதவியை நாடிய மத்தியதர வர்க்கத்து இளைஞனுக்குத் தபாற்காரன் கொண்டுவரும் அந்தப் பொதி ஒரு பல்கலைக்கழகமாகவே தோன்றியது. வெள்ளவத்தைக் காலி வீதியில் இருந்த பொலிடெக்னிக்கிலே சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் பயின்று கச்சேரிகளிலும் கம்பனிகளிலும் அமர்ந்த தமிழரும் சிங்களவரும் பறங்கியரும் பலர். அது கைவேலைதான். விரல்கள் நோகச் செய்யும் வேலைதான். ஆனால் அதைக் கைவேலையென்று ஒருவரும் சொன்னதில்லை. ஏனெனில் அது நாற்காலியில் அமர்ந்து செய்வது.

நாற்காலியில்லாத கைவேலையும் அதே வெள்ளவத்தையில் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே எழுந்த நூற்பு நெசவு ஆலையிலே மலையாளிகளும் சிங்களவரும் தமிழரும் பாடுபட்டனர். 1933ஆம் ஆண்டு அவ்வாலையில் நடந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றிலே ஒரு திருப்பம். அதன் தொழிற்சங்கத்துக்குத் தலைவராயிருந்த கொல்வின் ஆர். டி சில்வா, 1935இலே இலங்கைச் சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தோரில் ஒருவரானார். தறியிலே நிற்பதற்கு அந்தத் தொழிலாளரை யார் பழக்கினார்கள்? மற்றொரு தொழிலாளி பழக்கினான். செட்டியார் தெருவில் நகை செய்யும் பையனைத் தகப்பனோ மாமனோ பழக்கியதும் இவ்வாறே. தேர்ச்சி உண்டு, தராதரப் பத்திரம் இல்லை. (அந்த ஆலை நின்ற நிலத்திலே இன்று ஹெவ்லொக் சிற்றி என்னும் மாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. அங்கு வசிக்கும் பிள்ளைகளுக்கு அடியிலிருக்கும் மண்ணின் கதையைப் பாடசாலையில் யாரேனும் சொல்கிறார்களா என்பது ஐயத்துக்குரியது.)

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. கல்வி மந்திரியாகிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, ஏட்டுக் கல்விக்கும் வாழ்க்கைக்கும் இடையேயுள்ள இந்தப் பிளவைக் கண்டவர். அவரது காலத்தில், 1932இலே, கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் ஒரு கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கியது. கிராமத்தின் தொழிலையும் சுற்றாடலையும் மையமாக வைத்துக் கற்பிப்பதே அதன் கொள்கை. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் காந்தியடிகள் வார்தாவிலே ஆதாரக் கல்வியை முன்வைத்து, சாகீர் உசேன் தலைமையில் அதற்கொரு குழு அமைந்தபோது இந்தியா பேசிய கருத்துக்கு இது நெருங்கிய உறவு. ஆயின் ஹந்தெஸ்ஸத் திட்டம் வேரூன்றவில்லை. கிராமத்துப் பெற்றோர் அதனைச் சந்தேகித்தனர். பட்டணத்துப் பிள்ளை ஆங்கிலம் கற்று மேலே போக, தம் பிள்ளை மண்வெட்டியோடு கிராமத்திலேயே கிடக்கச் செய்யும் சூழ்ச்சி இது என்று நினைத்தனர்.

இந்தச் சந்தேகத்தைப் பலர் அறியாமையென்று எழுதியிருக்கிறார்கள். உடலுழைப்பை இகழும் நிலப்பிரபுத்துவ மனோபாவம் என்று எழுதியவர்களும் உண்டு. நம்மவர் சிலரே அவ்வாறு எழுதினர் என்பது வருந்தத்தக்கது. அந்தப் பெற்றோர் உழைப்பை அறியாதவர்களல்லர். அவர்கள் உழைப்பை மட்டுமே அறிந்தவர்கள். எந்தப் பாடம் எந்தச் சம்பளத்துக்கு இட்டுச் செல்கிறது என்ற கணக்கைக் கல்வித் திணைக்களத்து நிபுணரைவிட அவர்கள் துல்லியமாகப் போட்டு வைத்திருந்தனர்.

1943இலே கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை வெளிவந்தது. இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் அந்த அறிக்கை நமக்களித்த பெருங்கொடைகள். இக்கட்டுரையை எழுதும் கையும் 1945இலே நடைமுறைக்கு வந்த அந்த இலவசக் கல்வியில் எழுதப் பழகியதுதான். ஆனால் அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி உண்டு. ஆரம்பக் கல்வி முடிந்ததும் பிள்ளைகளைத் தெரிந்து பிரித்து, வெவ்வேறு வகைப் பாடசாலைகளுக்கு அனுப்பவேண்டும் என்பது அதன் யோசனை. அவ்வகைகளுள் ஒன்று செய்முறைப் பாடசாலை. மிகச் சிலர் மேலே செல்வர். பெருந்தொகையினர் செய்முறைக்குச் செல்வர். இந்தப் பகுதி நடைமுறையிற் காலூன்றவே இல்லை. ஊர்தோறும் பெற்றோர் கேட்டது மத்திய பாடசாலை. அதிலும் அவர்கள் கேட்டது ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம். கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளியும் அதையே கேட்டான். இலவசக் கல்வி என்பதை அவன் தன் பிள்ளைக்கு மேல்வாசலைத் திறந்துவிடும் சட்டமாக விளங்கிக்கொண்டான்.

தமிழகத்து வாசகருக்கு இது வேறொரு பெயரில் நினைவுக்கு வரும். 1953இலே சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி, கிராமத் தொடக்கப் பாடசாலைகளில் வகுப்பு நேரத்தை மூன்று மணியாக்கி, எஞ்சிய நேரத்திலே பிள்ளை தன் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொணர்ந்தார். குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். சிலவேளை ஒரு பெயரே ஒரு விமரிசனக் கட்டுரைக்குச் சமமாகிவிடுகிறது. பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் எழுப்பிய எதிர்ப்பிலே அத்திட்டம் ஆட்டங்கண்டது. 1954இல் முதலமைச்சரான காமராசர் அதனைக் கைவிட்டார். மதியத்துக்குப் பின் வண்ணான் பிள்ளை துறைக்கும், சக்கிலியர் பிள்ளை தோலுக்கும் போகும். வக்கீல் பிள்ளை எங்கே போகும் என்ற வினாவுக்கு அத்திட்டத்தில் விடை இருக்கவில்லை.

நிற்க. உழைப்பையும் கல்வியையும் இணைப்பதே பிற்போக்கு என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அதுவும் தவறாகும். இங்கிலாந்திலே 1844ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், எட்டு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளை ஆறரை மணிநேரம் ஆலையிலும் மூன்று மணிநேரம் பாடசாலையிலும் வைத்தது. முதலாளியின் இலாபத்துக்காக நடந்த இந்த அரைநேர முறை 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின்னரே ஒழிந்தது. அதன் கொடுமையை நன்கறிந்த மார்க்ஸ்தான், எதிர்காலக் கல்வியின் கருவும் அந்தத் தொழிற்சாலை முறைக்குள்ளேயே இருக்கிறது என்று கண்டார். 1866இலே ஜெனீவாவிற் கூடிய அகிலத்தின் மாநாட்டுக்கு அவர் எழுதிக் கொடுத்த குறிப்புகள், பிள்ளைகளின் வேலைநேரத்தை வயதுக்கேற்ப இரண்டு, நான்கு, ஆறு மணியென்று வரையறுத்து, அறிவுக் கல்வி, உடற்பயிற்சி, தொழில்நுட்பக் கல்வி மூன்றையும் அதனோடு பிணைத்தன. எல்லாப் பிள்ளைகளுக்கும் என்பதே அங்கு முக்கியமான சொல்.

அந்தச் சொல்லை ஏட்டில் எழுதுவது சுலபம். நடத்திக் காட்டுவது சோஷலிச நாட்டிலும் சுலபமாயிருக்கவில்லை. 1958 டிசெம்பரிலே சோவியத் நாட்டில் குருஷேவ் கொண்டுவந்த சட்டம், உயர்வகுப்பு மாணவர் யாவரும் வாரத்தின் ஒரு பகுதியைத் தொழிற்சாலையிலோ பண்ணையிலோ கழிக்கவேண்டும் என்றது. அதற்காகப் பாடசாலைக் காலமும் ஓராண்டு நீண்டது. உற்பத்தி இலக்கை எட்டவேண்டிய தொழிற்சாலை நிருவாகிகளுக்கோ இந்த மாணவர் தொல்லையாயினர். பயின்ற தொழிலிலேயே பின்னர் அமர்ந்தோர் சிலரே. 1964இல் அந்த ஓராண்டு திரும்பக் குறைக்கப்பட்டு, திட்டமும் தளர்ந்தது. நமது அணியினர் இதனை அதிகம் பேசுவதில்லை. பேசவேண்டும் என்பது என் கட்சி.

இனி நம் நாட்டுக்கே திரும்புவோம். 1971 ஏப்ரலிலே ஆயுதமேந்திய இளைஞரிற் பெரும்பாலோர் சுயமொழியிற் கற்றவர்கள், கற்றும் வேலையற்றவர்கள். அதே ஆண்டு டட்லி சீயர்ஸ் தலைமையிலே வந்த சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் குழு, ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையின்றி இருப்பதைக் கணக்கிட்டு, பாடசாலை வளர்க்கும் எதிர்பார்ப்பும் நாடு அளிக்கும் வேலையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று கூறியது. கிளர்ச்சியை இரத்தத்தில் அடக்கிய அரசாங்கம், அதன் காரணத்துக்கு விடையாகக் கல்விச் சீர்திருத்தமொன்றைத் தேடியது. கல்வியமைச்சர் பதியுதீன் மஹ்மூத். திட்டத்தின் மூளையாயிருந்தவர் அமைச்சின் செயலாளர் பிரேமதாச உடகம. 1972இலே சீர்திருத்தம் தொடங்கிற்று.

அதன் அமைப்பை இன்று எண்ணிப் பார்க்கையில் ஒரு வியப்பு உண்டாகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை நாடெங்கும் ஒரே பாடத்திட்டம். அதுவரை விஞ்ஞானத்தின் வாசனையே அறியாத கிராமப் பாடசாலைக்கும் ஒன்றிணைந்த விஞ்ஞானமும் கணிதமும் வந்தன. க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பதிலாக வந்த தேசிய பொதுக் கல்வித் தராதரப் பத்திரத்துக்குப் பத்துப் பாடங்கள். அவற்றுள் இரண்டு தொழில் முன்னிலைப் பாடங்கள். அந்தந்த வட்டாரத்தின் தொழிலிலிருந்து பாடத்தைத் தெரியவேண்டும். மீன்பிடி, மட்பாண்டம், விவசாயம், மரவேலை எதுவாகவும் இருக்கலாம். பணக்காரப் பாடசாலை, ஏழைப் பாடசாலை என்ற பேதமின்றி, ஆண் பெண் வேற்றுமையின்றி, எல்லோருக்கும் கட்டாயம். யார் பிள்ளை பட்டறைக்குப் போவது என்ற வினாவுக்கு, எல்லோர் பிள்ளையும் என்று இந்த நாட்டு அரசாங்கமொன்று விடையளித்தது அந்த ஒரே தடவைதான்.

நான் அந்தப் பரிசோதனையில் வளர்ந்தவன். கொட்டாஞ்சேனையிலே நான் படித்த பாடசாலைக்கு மரவேலை வந்தது. பட்டறை வரவில்லை. ஒரு வாள், இரண்டு உளி, ஒரு கொட்டாப்புளி, ஓர் இழைப்புளி ஆகியவை அதிபரின் அலுமாரியிற் பூட்டிக் கிடந்தன. வரலாறு கற்பித்த ஆசிரியர் ஒருவரிடம் அப்பாடம் ஒப்படைக்கப்பட்டது. பாவம், அவர் ஆணி அடித்தும் அறியார். குறிப்பைச் சொல்லிக்கொண்டே போவார், நாங்கள் எழுதுவோம். இழைப்புளியைப் படமாக வரைந்து அதன் பகுதிகளைப் பெயரிடுவோம். பெயர்கள் இன்றும் எனக்கு மனப்பாடம்; இழைப்புளியைப் பிடிக்க இன்றும் தெரியாது. எங்கள் வகுப்பிலே முகத்துவாரத்துத் தச்சர் ஒருவரின் மகன் இருந்தான். ஒருநாள் ஆசிரியர் அலுமாரியைத் திறந்தபோது, உளியை அவன் கையில் எடுத்த விதத்தைக் கண்டு வகுப்பே மௌனமாயிற்று. தவணைப் பரீட்சையில் மரவேலைக்கு அவன் பெற்றது நூற்றுக்கு இருபத்தெட்டு. எழுத்துப் பிழைகள்.

என் தகப்பனார் அச்சகமொன்றில் எழுத்துக் கோப்பவர். ஈய எழுத்துக்களைப் பொறுக்கிப் பொறுக்கி விரல் நுனிகள் கறுத்திருந்தன. எனது தொழில் முன்னிலைக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: “இதைப் படிக்கப் பள்ளிக்கூடம் எதுக்கடா? என்னோட வா, ஆறு மாசத்தில பழக்கிவிடுறன்.” பிறகு சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “வரவேணாம், கணக்கைப் படி” என்றார். ஹந்தெஸ்ஸப் பெற்றோரின் கணக்கும் இதுவே என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

தமிழ் மாணவருக்கு இந்தக் கணக்கிலே இன்னுமொரு கசப்பும் கலந்திருந்தது. 1971இலே பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியான புள்ளி எல்லை வகுக்கப்பட்டபோது, பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூல மாணவனுக்கு 227 புள்ளி போதும், தமிழ்மொழி மூல மாணவனுக்கு 250 வேண்டும் என்றாயிற்று. பின்னர் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதே அரசாங்கம், அதே கல்வியமைச்சு, ஒரு கையாலே மேல்வாசலை ஒடுக்கிக்கொண்டு, மறுகையாலே பட்டறையின் சிறப்பைப் போதித்தது. வெள்ளவத்தையில் வீடு வைத்திருந்த எழுதுவினைஞர் அந்தப் போதனையை எந்தக் காதாலே கேட்டிருப்பார்? சமத்துவத்தை நாடிய ஒரு சீர்திருத்தம், சமத்துவத்தை மறுத்த ஒரு நடவடிக்கையின் பக்கத்திலே நின்றதால் அதன் நிழலும் தன்மேல் விழப் பெற்றது. தொழில் முன்னிலைப் பாடத்தின் தோல்விக்குப் பட்டறை இல்லாமை, பயின்ற ஆசிரியர் இல்லாமை, பணமில்லாமை என்று காரணங்கள் பல. தமிழ்ப் பகுதிகளைப் பொறுத்தவரை நம்பிக்கையில்லாமையை முதலில் எழுதவேண்டும்.

1975இலே முதற் பரீட்சை நடந்தது. 1977 ஜூலையில் ஆட்சி மாறியது. புதிய ஆட்சி க.பொ.த. சாதாரண தரத்தை மீட்டது. தொழில் முன்னிலைப் பாடங்கள் மறைந்தன. ஐந்தாண்டு வயதிலே இறந்த அந்தக் குழந்தைக்காக அழுதவர்களை நான் கண்டதில்லை. 1978இலே கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. பாடசாலை கற்பிக்காத தையலை ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் அங்கே இயந்திரத்தின் முன்னின்று, மேற்பார்வையாளரின் கடிகாரத்தின்கீழ்க் கற்றார்கள்.

அந்த ஆண்டுகளிற் பிறந்தவற்றுள் நிலைத்தவையும் உண்டு. 1971இன் தேசியப் பயிலுனர் சட்டம் பட்டறைப் பயிற்சிக்கு ஒரு சட்டவடிவம் தந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அதுவே நைற்றா எனப்படும் அதிகாரசபையாயிற்று. 1976இல் அமைந்த தொலைக்கல்வி நிறுவகம் தபால்மூலப் பாடங்களை நடத்தி, 1980இலே நாவலையில் எழுந்த திறந்த பல்கலைக்கழகத்தோடு கலந்தது. தொழிலும் தொலைக்கல்வியும் இவ்வாறு பாடசாலையை விட்டு வெளியேறி, வெவ்வேறு கட்டடங்களிற் குடிபுகுந்தன. பாடசாலை பழையபடி பரீட்சையோடு தனித்திருந்தது. அதன் பக்கத்திலே ரியூட்டரி வளர்ந்தது.

யுத்த காலத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்வேன். தொழில் பழகுவதற்குக் கருவியும் ஆசானும் இருந்தாற் போதாது. இருப்பதற்கு ஓரிடமும் நடப்பதற்கு ஒரு தெருவும் வேண்டும். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வேலைக்காகவும் படிப்புக்காகவும் வெளிநாட்டுப் பயண அலுவலுக்காகவும் வந்த தமிழர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளிலே தங்கியிருந்தனர். 2007 ஜூன் 7ஆம் நாள் விடியற்காலையிலே, தலைநகரில் இருக்கத் தகுந்த காரணமில்லாதோர் என்று கூறி, அவர்களில் 370க்கும் மேற்பட்டோரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி அனுப்பினர். உயர்நீதிமன்றம் தடுத்தது, பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். ஒரு பயிலுனன் தொழில் பழக வந்ததைத் தகுந்த காரணமென எந்தக் காவலரணில் நிரூபிப்பது?

2017இலே பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வி என்ற திட்டம் 42 பாடசாலைகளில் ஆரம்பமாயிற்று. க.பொ.த. சாதாரண தரத்திலே ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் உயர்தரத்துக்குத் தகுதி பெறாது வீதிக்கு வருகிறார்கள். கட்டாயக் கல்வி வயது 2016இலும், வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 2021இலும் பதினாறாக உயர்ந்தன. ஆதலால் பதினாறு வயதுப் பையனைப் பாடசாலையும் பிடித்து வைப்பதில்லை. வேலைத்தலமும் தடையின்றி இழுத்துக்கொள்கிறது. இத்தகையோர் சித்தியின்றியே பன்னிரண்டாம் வகுப்புக்குச் சென்று, பொதுப் பாடங்களோடு 26 தொழிற்றுறைகளுள் ஒன்றைத் தெரிந்து, பின்னர் தொழிலிடத்தில் பயிற்சி பெற்று, தேசியத் தொழிற் தகைமை நான்காம் மட்டம்வரை செல்லலாம் என்பது ஏற்பாடு.

இது பயனுள்ள திட்டம். வெளியே தள்ளப்பட்ட பிள்ளைக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது; அதைப் பழிப்பவன் அப்பிள்ளையின் வீட்டுக்குப் போகாதவன். எனினும் 1972இன் விடையோடு ஒப்பிட்டால் நாம் எவ்வளவு பின்வாங்கியிருக்கிறோம் என்பதும் தெரியும். அன்று எல்லோர் பிள்ளைக்கும் என்று எழுதப்பட்ட பாடம், இன்று தோற்றவர் பிள்ளைக்கென்று எழுதப்பட்டுள்ளது. 1943இன் செய்முறைப் பாடசாலை, ஒரே மதிலுக்குள்ளே வேறு வகுப்பறையாகத் திரும்பி வந்திருக்கிறது. மாணவரும் இதை அறிவர். தொழிற்பிரிவு மாணவனை உயர்தர மாணவன் எந்தப் பெயர் சொல்லி அழைக்கிறான் என்பதை ஆசிரிய நண்பர்கள் இடைவேளையிலே செவிகொடுத்துக் கேட்கவேண்டும். தமிழ்மொழி மூலப் பயிற்றுநர் போதாமை இதற்கு மேலதிகச் சுமை. கொட்டாஞ்சேனைப் பையன் பாடத்தைத் தமிழிற் கற்று, பயிற்சியைச் சிங்களத்திற் பெற்று, படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்புகிறான்.

இணையவழியின் கதையோ வேறு. 2020 மார்ச்சிலே தொற்றுநோயால் பாடசாலைகள் மூடப்பட்டன. அரசின் ஈ-தக்சலாவ தளமும், வாட்ஸ்அப்பும், சூமும் வகுப்பறையாயின. அப்போது கணினி இருந்த வீடுகள் நாட்டிலே ஐந்தில் ஒன்று என்ற அளவைச் சற்றே தாண்டியவை. ஊவாவின் மலைக் கிராமமொன்றிலே மாணவர் சைகை தேடிப் பாறையின் மேலேறி இருந்தார்கள். 2022இலே பொருளாதாரம் சரிந்தபோது, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைக்குக் கடதாசி இல்லை. மார்ச் 31ஆம் நாள் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லை. எரிபொருளின்றிக் கொழும்புப் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்குச் சென்றன. கொட்டாஞ்சேனை மாடிவீட்டுத் தொகுதியொன்றிலே மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி. மூத்தவனுக்கு வகுப்பு நடக்கும்போது தகப்பன் வேலைக்குப் போயிருப்பான், கைப்பேசியும் அவனோடு போயிருக்கும்.

வெள்ளவத்தையின் சில வீடுகளுக்கோ அதே இணையம் தடையாயிராமல் ஏணியாயிற்று. வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவன் தொழில் அனுபவம் என்ற பகுதியை நிரப்பவேண்டும். அதற்காக இணையவழியே இரண்டு வாரப் பயிற்சிகள் விற்கப்படுகின்றன. அத்தகைய சான்றிதழொன்றை ஒரு மாணவி எனக்குக் காட்டினாள். எந்தத் தொழிலிடத்துக்கும் அவள் போகவில்லை. காணொளிகளைப் பார்த்து வினாக்களுக்கு விடையளித்தாள். கெட்டிக்காரி, அவள்மேற் குற்றமில்லை. பிற்மனின் மாணவனாவது ஒவ்வொரு கோட்டையும் தன் கையால் இழுத்தான்.

ஓய்வுபெற்ற பின் மாலையில் நான் கணிதம் சொல்லிக்கொடுக்கும் பையன் ஒருவன் தொழிற்பிரிவிலிருந்து மோட்டார் கராஜ் ஒன்றுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டான். முதல் மாதம் அவன் தரையைக் கூட்டினான், தேநீர் வாங்கி வந்தான். நாட்குறிப்புப் புத்தகத்திலே பிறேக் பழுதுபார்த்தல் என்று எழுதி, கையொப்பமும் வாங்கினான். இரண்டாம் மாதமும் அப்படியே. பாடசாலையிலிருந்து எவரும் வந்து பார்க்கவில்லை. வந்து பார்க்கவேண்டிய ஆசிரியருக்கு வாரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட பாடவேளைகள். நிறுத்திவிடலாமா என்று தாயார் என்னைக் கேட்டார். எனக்கு என் தகப்பனாரின் கொப்பி நினைவுக்கு வந்தது, விடை வரவில்லை.

நான்காம் மாதத்திலே ஓர் இரவு, எட்டு மணிக்குமேல், பாடத்துக்குப் பிந்தி வந்தான். நகக்கண்ணெல்லாம் கிறீஸ். புத்தகத்தைத் திறக்குமுன்னே சொன்னான்: “சேர், இன்னைக்குத்தான் எஞ்சின கழட்ட விட்டாங்க.” பிஸ்டனின் விட்டத்தை எப்படி அளந்தார்கள் என்று கேட்டேன். கொப்பியின் பின்பக்கத்திலே வரைந்து காட்டினான். உருளையின் கனவளவு காணும் கணக்கை அன்று அந்தப் படத்திலிருந்தே தொடங்கினோம்.